மூன்றாவது மின்னல்

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டும்வரை மின்னல் தனக்காக மேகத்துக்குள் காத்துக்கொண்டு நின்றது என்றார் மகாலிங்கத்தார்.

பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலின் தேநீர்க் கடையில் இதை அவர் சொல்வது பதினேழாம் தடவை. முதல் தடவை மின்னல் ஒரு நிமிடம் நின்றது. இப்போது ஐந்து நிமிடமாக நிற்கிறது.

முப்பத்தொரு வருடம் பாரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவிய மனிதர். ஓய்வூதியம் கைக்கு வந்த முதல் மாதமே கமரா வாங்கினார். போன ஆடியில் அமெரிக்காவுக்குப் பறந்து, மனைவி பூரணியையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு, அரிசோனாப் பாலைவனத்தில் பத்து நாள் இடிமழையைத் துரத்தினார். அந்த ஊர் மழைக்காலத்தில் மேகம் மலைபோல எழும்பி வருமாம். மலை என்றால் சின்ன மலையா? ஈஃபில் கோபுரத்தை எடுத்து அதன் இடுப்பில் செருகிவிடலாம்.

ஒன்பது நாளும் அகப்பட்டது புழுதிதான்.

பத்தாம் நாள் பின்னேரம், தந்திக் கம்பத்தை விட உயரமான ஒற்றைக் கள்ளியில் மின்னல் மூன்று தரம் விழுந்தது. முதல் தரம் அவர் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தூறல். துடைத்து மாட்டி, கள்ளியை விட்டுக் கண்ணெடுக்காமல், கமராவைத் தொடாமலே இயக்கக் கையில் வைத்திருந்த பொத்தானை அமுக்கினார். மூன்றாவது விழுந்தது.

அந்தப் படம் இப்போது மேசையில், பொன்னிறச் சட்டத்துக்குள், இரண்டு முழ அகலத்தில் கிடந்தது.

முழுக் கறுப்பு.

“அண்ணை, இது அமாவாசையிலை எருமை நிக்கிற படமோ?” என்றார் எதிரே இருந்த பத்திநாதர்.

“வெளிச்சம் கூடிப்போச்சு, பத்திநாதர். தாங்க ஏலாமல் கமராவே கண்ணை மூடிட்டுது.”

கடையே சிரித்தது. மகள் லக்சனா மட்டும் சிரிக்கவில்லை. புறநகர் சார்செலில் இருந்து இதற்கென்றே வந்திருந்தாள். கைப்பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். ஞாபகமறதி பார்க்கும் வைத்தியரைச் சந்திக்க வியாழக்கிழமை நேரம் குறித்த ரண்டேவுக் கடிதம்.

“லென்ஸ் மூடியைக் கழட்ட மறந்திட்டீங்கள், அப்பா. விழாத மின்னலையும் விழுந்தது எண்டு சொல்லுறீங்கள். வைத்தியர் ஒருக்காப் பாக்கட்டும். அதுவரைக்கும் கார்த் திறப்பு என்னட்டை இருக்கட்டும்.”

மூடி என் சட்டைப்பையில் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தார். ஓர் இம்மியும் கூட்டாமல் அவர் சொல்லிவந்த ஒரே விஷயம் அதுதான்.

ஆனால், இருந்ததா? அன்றைக்குப் போட்டது எந்தச் சட்டை? நீலமா, கோடு போட்டதா?

பிறந்த நாள் தொட்டு முதன்முறையாக மகாலிங்கத்தாருக்குக் கதையின் அடுத்த வரி வரவில்லை.

சாட்சி என்றால் பக்கத்துக் கதிரையில் தேநீரோடு இருந்த பூரணி ஒருத்திதான். கணவர் சொல்லும் எதையும் பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் நம்பாதவள். ஊர் திரும்பிய நாள் முதல் அவள் சொன்னதும் ஒரே பேச்சு: காருக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இடிக்குப் பயந்து அர்ச்சுனன் பெயர் பத்தும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒன்றும் காணவில்லையாம்.

அவர் சாவிக்கொத்தை வெளியே எடுத்தார். கார்த் திறப்பைக் கழற்றி, மேசைமேல் மெல்ல மகள் பக்கம் தள்ளினார்.

பூரணி அதன்மேல் கையை வைத்தாள்.

“கடிதத்தை உள்ளை வை, பிள்ளை. மூடி அவற்ரை பொக்கற்றுக்குள்ளைதான் கிடந்தது. இடி இடிச்சால் எங்கடை வீட்டிலை முகம் பாக்கிற கண்ணாடியைச் சீலையாலை மூடுவினம், மின்னலை இழுக்கும் எண்டு. இந்த மனிசன் அவ்வளவு பெரிய கமராக் கண்ணாடியை வானத்துக்கு நேரை நீட்டி வைச்சிட்டு, அதுக்குப் பக்கத்திலை நிக்குது. நான் என்ன செய்ய? ஓடிப்போய் என்ரை சால்வையாலை மூடினனான்.”

மகாலிங்கத்தார் வாயைப் பிளந்தார். “நான் காணேல்லையே, இஞ்சரப்பா!”

“என்னெண்டு காணுவீங்கள்? துடைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். மின்னின கையோடை சால்வையை இழுத்தெடுத்தன். அப்பவும் கண் கூசிப்போய் ஆந்தை மாதிரி நிண்டனீங்கள். படம் பழுதாப்போச்சு எண்டு ஏசுவியள் எண்டுதான் வாய் திறக்கேல்லை.”

பத்திநாதர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். “அப்ப அக்கா, மின்னல்…?”

பூரணி கணவரைப் பார்க்காமல், தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ஓம். நான் இறங்கி ஓடிப்போய், மூடி முடிக்கும்வரைக்கும் விழாமல் நிண்டதுதான்.”