வண்டி திரும்பவில்லை

"உயிர் இருக்கு," என்றார் டாக்டர், ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போதே.

சொன்னது தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியிடம். அவளை அவர் பார்க்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் அவள் கணவன் கிடந்தான். கார்ப் பந்தயத்தில் மூன்று முறை பட்டம் வென்றவன். காரோடு உருண்டுபோய்த் தடுப்புச் சுவரில் மோதிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிய கன்னத்தில் அதன் பஞ்சு அழுத்திய தடம் அப்படியே இருந்தது. தூங்கி எழுந்தால் தலையணை மடிப்பு விழுந்திருக்குமே, அதுபோல. அது எப்போது மறையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பந்தயத் திடலுக்கு இருந்தது அந்த ஒரே ஆம்புலன்ஸ். வெளி வாசலைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்போது வாக்கிடாக்கி கரகரத்தது.

மேடையில் தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம். வண்டி திரும்பி வர வேண்டுமாம்.

ஓட்டுநர் கண்ணாடியில் டாக்டரைப் பார்த்தார். "கைது பண்ண வந்தாலே நெஞ்சுவலி வர்ற ஆளு சார் அவரு. இன்னைக்கு எவன் வாரன்ட்டோட போனான்?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அது நாடறிந்த கதைதான். மூன்று தடவை கைதாகி மூன்று தடவையும் மருத்துவமனைக் கட்டிலிலேயே சிறைவாசத்தை முடித்தவர் தலைவர். எனக்கு ஒரே பிள்ளை, அது கட்சிதான் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். பந்தயம் என்றாலே முகம் சுளிப்பவர், என்ன நினைத்தாரோ, இன்று கொடியசைத்துத் தொடங்கிவைக்க வந்திருந்தார்.

அந்த நெஞ்சுவலிகள் நடிப்பு என்று அவளுக்கும் தெரியும்.

வாக்கிடாக்கி மறுபடி கேட்டது. உள்ளே இருப்பவருக்கு உயிர் இருந்தால் போங்கள், இல்லையென்றால் உடனே திரும்புங்கள், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் டாக்டர்.

டாக்டரின் விரல்கள் அவன் மணிக்கட்டில்தான் இருந்தன. கண் மட்டும் அவள்மேல் இருந்தது.

"நீங்க சொல்றதுதாம்மா," என்றார் மெதுவாக.

அவள் பிராணவாயு முகமூடியைப் பார்த்தாள். கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருந்தது. ஒரு பொட்டு ஆவி இல்லை.

வண்டி திரும்பினால் அவன் செத்துப்போனான் என்று அர்த்தம். இப்படியே போய்க்கொண்டிருந்தால் இன்னும் சாகவில்லை. அவளுக்கு அவ்வளவுதான் புரிந்தது.

கையை நீட்டி வாக்கிடாக்கியைத் தன் வாயருகே இழுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"உயிர் இருக்கு. மூச்சு விடறாரு, நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். வண்டி திரும்பாது."

ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார்.

ஸ்ட்ரெச்சர் மருத்துவமனைப் படியைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் டாக்டர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, நேரத்தைச் சொன்னார்.

பந்தயத் திடலுக்குள் யாரும் சாவதில்லை. செத்தால் போலீஸ் வந்து திடலைப் பூட்டிவிடும், பந்தயம் ரத்தாகிவிடும். அதனால் எல்லோருமே மருத்துவமனைக்கு வந்துதான் சாவார்கள். கார் ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிற சமாசாரம் அது. அவள் கணவனும் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்து, புரையேறித் தண்ணீர் குடித்திருக்கிறான்.

அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே கார்கள் வந்து நின்றன. கோஷம் இல்லை. தலைவரைக் கூட்டத்துக்குள் புகுந்து காரிலேயே கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். பாதி வழிதான் தாங்கினாராம்.

கட்சிச் செயலாளர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். பத்து வருடமாக எங்கே எதிர்ப்பட்டாலும் பார்க்காததுபோல் போகிறவர். இன்று அவள் எதிரே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸைத் திருப்பச் சொல்லித் தான் தொண்டை கிழியக் கத்தியதாகச் சொன்னார். அப்போதுதான் வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்ததாம். மேடைத் தரையில் கிடந்த தலைவர் அதைக் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினாராம்.

"என் பொண்ணு சொல்றா, மாப்பிள்ளைக்கு உயிர் இருக்கு, வண்டிய விடுங்கடான்னாரும்மா."

அவள் சொன்ன எதையும் அப்பா அதற்குமுன் நம்பியதில்லை.