ஒன்பதாம் குழியின் மழை

இப்போதெல்லாம் மழை பெய்வது மலைமேலுள்ள கோல்ஃப் மைதானத்தில் மட்டும்தான். அதுவும் புல் பட்டுப்போன இடத்தில்தான். விதை தூவி மணல் பரப்பியதும் மேகத்தை வரவழைப்பார்கள். புல் தேறியதும் அனுப்பிவிடுவார்கள்.

ஒன்பதாம் குழியைச் சுற்றி விதைத்த பூமிநாதன், தினமும் மழை தொடங்கியதும் கைபேசியைத் தரையருகே பிடிப்பான். ராமநாதபுரத்தில் அவன் மனைவி செவ்வந்தி, மழையே பார்த்திராத மகளின் காதில் அந்தச் சத்தத்தை வைப்பாள்.

இன்று புல் ஒரே சீராகத் தழைத்திருந்தது. மழை பாதியிலேயே நின்றுவிட்டது.

“என்னங்க, சத்தத்தையே காணோம். நாளைக்கு வருமான்னு பிள்ள கேக்குறா.”

சுற்றிலும் யாருமில்லை. பூமிநாதன் பூட்ஸ் குதிகாலை இளம்புல்லில் அழுத்தி, அது வேரோடு பெயரும்வரை திருகினான்.

“வரும்னு சொல்லு.”