மூணு பத்துக்கு விழும் சர்வர்

“செத்துடுச்சு மேடம்! இன்னிக்கும் அதே மூணு பத்து!”

மேனேஜரின் குரல் மாடிப்படியிலிருந்து இடிபோல் இறங்கியது. கீழே லேப்டாப்போடு குந்தியிருந்த இன்ஜினியர் பல்லைக் கடித்தாள். அவள் கண்ணெதிரே பார்சல்களைச் சுமந்து ஓடிய நீளமான பெல்ட் ஒரு முனகலோடு நின்றது.

செத்தது சர்வர். அந்தக் கிடங்கின் பெல்ட், தராசு, ஸ்கேனர் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒற்றைக் கணினி. அடிமட்டத்திலிருந்து அதை நடத்தும் மென்பொருளான கெர்னல், மூன்று வாரமாகத் தினமும் இந்த நேரத்துக்குச் சுருண்டு விழுகிறது. மறுபடி எழுந்து, டிஸ்க்கைச் சரிபார்த்து, பெல்ட்டை ஓடவிட இருபது நிமிடம் ஆகிவிடும்.

அவள் வந்து ஆறு நாள். செய்யாத வைத்தியம் இல்லை. மெமரியைக் கழற்றிப் புதிது போட்டாள். நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு இறக்கினாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கரன்ட் ஏறி இறங்குகிறதா என்று மீட்டர் வைத்தும் பார்த்தாயிற்று. எதற்கும் மசியவில்லை.

புதன்கிழமை மட்டும் விழவில்லை. மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குத் திட்டு வாங்கப் போயிருந்த நாள் அது. அன்றைக்கு விழுந்து தொலைத்திருந்தால் இவருடைய கூச்சல் இல்லாமல் நிம்மதியாகப் பார்த்திருக்கலாமே என்று அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

“கெர்னல் கெர்னல்னு ஒரு வாரமா சொல்றீங்க. அந்தக் கர்னலை ஒரு தடவை கூட்டிட்டு வாங்கம்மா, நானே நாலு கேள்வி கேக்கறேன்!” மேனேஜர் பாதிப்படியில் நின்று கத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

பெல்ட்டில் பார்சல் பிரிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் ஏற்கெனவே இவளுக்குக் ‘கர்னலம்மா’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

அவர்களுக்கென்ன, பெல்ட் நின்றதும் அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி செருப்பை உதறிவிட்டுப் பாதத்தை அமுக்கினாள். நாலைந்து பேர் கழிவறைப் பக்கம் ஓடினார்கள். எட்டாம் மேஜைப் பெண், ஏழு மாத வயிற்றோடு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. கணவன். “இன்னிக்காவது வருவியா? பாப்பா உன் தலகாணியைக் கட்டிக்கிட்டு, யாரையும் தொட விடமாட்டேங்கறா.”

“இந்தச் சனியன் என்னை விட்டாத்தானே வர முடியும்!” பட்டென்று வைத்துவிட்டாள். வைத்தபிறகு கண் கரித்தது. சாயங்காலத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வதாகத் தலைமை அலுவலகம் காலையிலேயே சொல்லிவிட்டது.

ஆனால் இன்று அவள் ஒரு பொறி வைத்திருந்தாள்.

கெர்னல் சாகும் நொடியில், மெமரியில் இருப்பதை எல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுப் போகும். டம்ப் என்பார்கள். டிஸ்க்கில் இடம் போதாமல் இத்தனை நாளும் அது பாதியிலேயே அறுந்துபோயிருந்தது. இன்று அதற்கென்று தனி டிஸ்க் மாட்டியிருந்தாள். சர்வர் எழுந்ததும் பார்த்தாள். கோப்பு முழுசாக இருந்தது.

வரி வரியாக இறங்கினாள். மெமரி சரி. டிரைவர் சரி. எங்கும் ஒரு பிழை இல்லை. கடைசியில் மட்டும், கீபோர்டிலிருந்து வந்த ஒரு கட்டளை.

அவள் மறுபடி படித்தாள். கெர்னலை வேண்டுமென்றே விழவைத்துச் சோதிப்பதற்காக மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவது உண்டு. அதை யாரோ அழுத்தியிருக்கிறார்கள்!

இரண்டிரண்டு படியாகத் தாவி மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், இது பழுதே இல்ல! எவனோ திமிர் புடிச்சவன் சர்வர் ரூமுக்குள்ள போய் வேணும்னே அழுத்திச் சாகடிக்கறான். ஆறு நாளா என் உயிரை வாங்கிட்டான். ஆளைப் புடிச்சு வேலையை விட்டே தூக்குங்க!”

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அத்தனை நாளும் கத்திய தொண்டையிலிருந்து இப்போது குரலே எழும்பவில்லை.

“நான்தாம்மா.”

“சார்?”

“ஒரு மணிக்கு ஓட ஆரம்பிச்சா, ஏழு வரைக்கும் பெல்ட் நிக்கக் கூடாது. மேலேருந்து ஒவ்வொரு நிமிஷத்தையும் பாக்கறாங்க. நான் நிறுத்தினா என் சீட்டு கிழியும். இவங்க நிறுத்தினா இவங்க சீட்டு கிழியும். அதுவா விழுந்தா யாரைக் கேப்பாங்க? முன்னாடி வந்த இன்ஜினியர் ஒரு தடவை அழுத்திக் காட்டினாரு. பாத்து வெச்சுக்கிட்டேன்.”

அவள் கீழ்த்தளத்தைப் பார்த்த கண்ணாடி ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

“கத்தினதுக்கெல்லாம் மன்னிச்சுக்கம்மா. கத்தலேன்னா என்மேல சந்தேகம் வந்துடும்.” அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “புதன்கிழமை நான் இல்லியா, அன்னிக்கு நீங்க லாட்ஜுக்குக் கிளம்பின பிறகு அந்த எட்டாம் மேஜைப் பொண்ணு நின்ன இடத்துலயே மயங்கி விழுந்துட்டா.”

கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. பெண்கள் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். எட்டாம் மேஜைப் பெண் இடுப்பில் ஒரு கையை ஊன்றி மெல்ல எழுந்தாள்.

இன்ஜினியரின் கையில் போன் அதிர்ந்தது. தலைமை அலுவலகம்.

“என்னம்மா, காரணம் கிடைச்சுதா, இல்ல வேற ஆளைப் பாக்கட்டுமா?”

மேனேஜர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கிடைச்சிடுச்சு சார். எழுதியே குடுத்துடறேன்,” என்றாள் அவள். “சர்வர் விழாம இருக்கணும்னா, தினம் மூணு மணிக்கு பெல்ட்டை நிறுத்தி, இருபது நிமிஷம் ஓய்வு குடுக்கணும்.”