தலைமாட்டில் வெள்ளை

கூடத்தில் இரண்டு முக்காலிகளின் மேல் கிடந்த தெர்மாகோல் பலகைக்குக் குமரவேல் வெள்ளை ஃபைபர் துணியைப் போர்த்தினான். ஏறி நின்று அலையில் சறுக்கும் பலகை அது; அடியில் இறக்கை பூட்டினால் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும். அண்ணன் தணிகை செதுக்கி வைத்துவிட்டுக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

குமரவேல் கோப்பையில் கலந்த எப்பாக்ஸிப் பசையைக் கால்பக்கத்திலிருந்து ஊற்றித் தேய்த்துக்கொண்டே வந்தான். நனைந்த இடத்திலெல்லாம் வெள்ளை மறைந்து, அண்ணன் போட்ட பென்சில் கோடு துணிக்கடியில் தெளிந்தது.

அடுக்களையிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

“எப்படா இவனக் கொண்டாந்தாங்க?”

“பலகைம்மா இது.”

அவள் காதில் விழவில்லை. நனையாத முனையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

“பாரமே இல்லியேடா. தண்ணியில ஊறினா கனக்கும்னாங்களே.”

தலைமாட்டில் ஒரு முழம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. அம்மா அதன் மேல் குனிந்தாள்.

“இங்கயும் ஊத்து. மொகத்த ஒருதரம் பாத்துக்குறேன்.”

குமரவேல் கோப்பையைச் சாய்க்கவில்லை. இறுக்கும் திரவம் கலந்த எப்பாக்ஸி அதிக நேரம் காத்திருக்காது. அது அவன் கையிலிருந்த கோப்பையிலேயே சூடேறி, புகைந்து, கல்லாக இறுகியது. அம்மா இன்னும் குனிந்தே இருந்தாள்.