மூன்று நிமிட மடி

சித்தாள் வேலை முடிந்து வந்த பூங்காவனம் கைகால் கழுவியதும் ஒத்திகைப் பலகையைத் தட்டினாள். ஊதுவத்திப் புகையில் உருவம் எழுவதுபோல, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னக் கூடத்தில் எழுந்தது. மகளுக்குக் காதுகுத்து. சொந்தங்கள் சுவருக்குள்ளிருந்து வந்து பாயில் அமர்ந்தார்கள். அவரவர் மனசு பலகைக்குத் தெரியும்; விசேஷம் எங்கே கெடும் என்று முன்கூட்டியே நடத்திக் காட்டிவிடும்.

எட்டு வருஷமாகப் பேச்சில்லாத அண்ணன் ஏகாம்பரமும் வந்தான். தாய்மாமன் மடியில்தானே பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்? மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளை அழுதபோது அதன் காதில் மெல்ல ஊதினான். பிறகு பந்தியில் யாரோ பாகப்பிரிவினைப் பேச்சை எடுக்க, சோற்றைத் தொடாமல் எழுந்து போனான்.

“அண்ணனை அழைக்க வேண்டாம்” என்றது பலகை.

“நாப்பது தடவ ஓட்டிட்ட. நாப்பதுலயும் கோவிச்சுக்கினு போறாரு உங்கண்ணன். இன்னும் என்னாத்துக்கு?” என்றான் கணவன் மாசிலாமணி.

“போறதுக்கு முன்ன மூணு நிமிஷம் புள்ளைய மடியில வச்சிருக்காரு இல்ல?”

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஞாயித்துக்கெழம காதுகுத்துண்ணே. நடுப்பந்தியில நீ கோவிச்சுக்கினு எழுந்து போயிடுவியாம். போனா போ. குத்துற வரைக்கும் மடி குடுத்துட்டுப் போ.”

ஏகாம்பரம் திண்ணையிலிருந்து இறங்கி வந்தான்.

“போறதுன்னு ஆயிடுச்சு. சாப்பிட்டே போறேன்” என்று தட்டை வாங்கிக்கொண்டான்.