பத்தாம் வசனம்

அவள் எண்ணிவிட்டாள். ஆண்கள் ஐந்து பேர். அதற்குப் பிறகு பெண்கள் வரிசை. பத்தாவது ஆள் அவள்தான்.

"வெளிப்படுத்தல் இருபதாம் அதிகாரம். ஆளுக்கொரு வசனமா வாசிப்போம்," என்றார் உபதேசியார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வீட்டு ஜெபத்தில் எல்லாரும் இப்படித்தான். தனக்கு எந்த வசனம் விழும் என்று எண்ணிப் பார்த்து, அதை மட்டும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவளுக்கு அது தேவையில்லை.

பத்தாவது, பிசாசு அக்கினிக் கடலில் தள்ளப்படுகிற வசனம். இரவு பகல் ஓயாத வேதனை, என்றென்றைக்கும்.

இதே அதிகாரத்தில் வரும் ஆண்டவரின் ஆயிரம் வருட அரசாட்சி எழுத்தின்படியா, அடையாளமா என்று போன வாரம் ஆண்கள் வரிசையில் வாக்குவாதம். ஆண்டவர் அதற்கு முன்னே வருவாரா, பின்னே வருவாரா என்று இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த வழக்கெல்லாம் அவளுக்கு வேண்டாம். தீமைக்கு ஒரு முடிவு உண்டா, இல்லையா. அது தெரிந்தால் போதும்.

அந்தத் தீமைக்கு அவளிடம் ஒரு பெயர் இருந்தது. ஜெபசிங்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், வேலித் தகராறில், அவள் மகன் ஸ்டான்லியை வெட்டிக் கொன்றவன். செவ்வாய்க்கிழமைதான் ஜெயிலிலிருந்து விடுதலையாகி வந்திருக்கிறான்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவனைப் பெற்றவள், தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பத்தின் காதில் விழும்படி நிறுத்தி வாசிக்க வேண்டும். அதற்காகவே இன்று வந்திருந்தாள்.

இரண்டாம் வசனம் ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

அவன்தான்.

யாரும் வா என்று சொல்லவில்லை. ஆண்கள் வரிசையின் கடைசியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தான்.

ஒரு ஆள் கூடிவிட்டது. அவள் மறுபடி எண்ணினாள். ஆறு அவனுக்கு. பத்து தங்கபுஷ்பத்துக்கு. தனக்குப் பதினொன்று.

இதுவும் நல்லதுதான் என்று நினைத்தாள். பெற்றவள் வாயாலேயே வரட்டும்.

ஆறாம் வசனத்தை அவன் விரல் வைத்து வாசித்தான். ஏழு, எட்டு, ஒன்பது போயின.

தங்கபுஷ்பம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"எழுத்து தெரியலய்யா," என்றாள்.

நீங்கள் வாசியுங்கள் என்பதுபோல உபதேசியார் அடுத்து இருந்த அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

கேட்டது கைக்கு வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஆண்கள் வரிசையிலிருந்து குரல் வந்தது.

அம்மாவுக்குப் பதிலாக அவனே வாசித்தான். சொல் சொல்லாக, ஒன்றையும் விழுங்காமல். அக்கினி என்ற சொல்லில் குரல் உடைந்தது. நின்று, அந்தச் சொல்லை மறுபடி சொன்னான். வசனத்தின் கடைசிச் சொல் வரை போய் நிறுத்தினான்.

தங்கபுஷ்பத்தின் தோள் குலுங்குவது அவள் தோளில் தெரிந்தது.

வெறுப்பு இருந்த இடத்தில் அப்படியேதான் இருந்தது. ஆனால் இத்தனை வருடம் அவள் கேட்க ஆசைப்பட்டது இந்தக் குரலில் அல்ல.

இனி பதினொன்று.

அவன் விட்ட இடத்திலிருந்து அவள் எடுக்க வேண்டும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

பதினான்கு வருடமாகத் தினமும் இந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறாள். பத்தோடு வேதத்தை மூடிவிடுவாள். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வரியைத் தேடிப் பிடித்தாள்.

"பின்பு..." என்று தொடங்கினாள்.