ரெண்டு கோடு போடுங்க

பர்பேங்க் தியேட்டரில் படம் முடிந்து விளக்கு எரிந்ததும், ஆளுக்கொரு அட்டையும் பென்சிலும் கொடுத்தார்கள். வெளிவராத படத்தை ஓசியில் பார்த்தால், அபிப்பிராயம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வெண்டல் இப்படிப்பட்ட காட்சி ஒன்றையும் விடமாட்டான்.

"கதை பரவாயில்ல. மியூசிக்தாங்க தலைவலி," என்றான் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம். "ஹீரோ கதவத் தொறந்தாலே வயலின் அழுவுது."

அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா? வேற?"

"ராத்திரி டிவி ஷோவுல ஒவ்வொரு ஜோக்குக்கும் டிரம் தட்டுவானே, அதே கதைதான். அங்க சிரிப்பு வராதுன்னு பயம். இங்க அழுகை வராதுன்னு பயம்."

"இத அப்படியே எழுதுங்களேன்!"

"மியூசிக் போட்ட புண்ணியவான் மனசு ஒடஞ்சிடாதா?"

"ஒண்ணும் ஒடையாது. எழுதுங்க."

எழுதி முடிக்கும்போது ஊழியர் ஒருவர் ஓடி வந்தார். "மார்னி மேடம், டைரக்டர் கூப்பிடறார். மியூசிக் பத்திப் பேசணுமாம்."

வெண்டலுக்கு வியர்த்தது. "ஐயோ, நீங்கதான் மியூசிக் டைரக்டரா? மன்னிச்சுக்குங்க, அழிச்சிடறேன்!"

பென்சிலின் ரப்பர் முனையைத் திருப்பியவனின் கையை மார்னி இறுக்கிப் பிடித்தாள்.

"அழிச்சீங்க, கொன்னுடுவேன்! இது என் மியூசிக்கே இல்ல. நான் என்னோடத போட்டு முடிக்கிற வரைக்கும் சும்மா பழைய படங்கள்லேர்ந்து எடுத்து ஒட்டிவச்சது. ஆறு மாசமா இதையே கேட்டுக் கேட்டு, டைரக்டருக்கு இதுமேல காதல் வந்திடுச்சு. என்னோடது வேணாங்கறார்."

எழுந்தவள் அட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"அந்தத் 'தலைவலி'க்குக் கீழ ரெண்டு கோடு போடுங்க."